எண்ணெய்க் கையும் ஈரக் கன்றும்

பிள்ளைகளா, நீங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரு மத்தியானம், நம் செவலைப் பசுவின் கன்றை நான் தெரியாமல் கொல்லப் பார்த்தேன். அதை உங்களுக்கு எழுதி வைக்கிறேன்.

சாரல் விடாமல் விழுந்த நாள். குற்றாலத்தில் அருவிக்கு வந்தவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு வீடு வந்தேன். தொழுவத்தில் செவலை ஈன்று, அப்போதுதான் எழுந்து நின்றது. அதற்கு அது தலையீற்று, முதல் கன்று. கன்று ஈரத்தில் நடுங்கிக் கிடந்தது. குளிரில் விறைத்துவிடுமோ என்று, தோளில் கிடந்த துண்டால் தலையிலிருந்து வால் வரைக்கும் அழுத்தித் துடைத்தேன்.

செவலை குனிந்து கன்றை முகர்ந்தது. சீறி மூச்சுவிட்டுப் பின்வாங்கியது. கன்றைத் தூக்கி மடிப்பக்கம் விட்டேன். ஒரே முட்டு. கன்று சுவரோரம் போய் விழுந்தது.

உங்கள் அம்மா ஓடிவந்தாள். "எதை வச்சுத் தொடச்சீங்க?"

"துண்டாலதான்."

"ஊருல உள்ளவன் முதுகு எண்ணெயெல்லாம் அதுலதான இருக்கு. மாடு வாடையை வச்சுல்லா பிள்ளையத் தெரிஞ்சுக்கிடும். யாரோ டூரிஸ்ட்டுன்னு முட்டுது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பசு நக்குவது ஈரம் போக மட்டும் அல்ல. நக்க நக்கத்தான் கன்றுக்கு உடம்பு சூடேறும், எழுந்து நிற்கத் தெம்பு வரும். அந்த ஈரத்தின் வாசனையில்தான் தாய் தன் கன்றை மனதில் பிடித்துக்கொள்ளும். நான் அதைத் துடைத்துவிட்டேன்.

மாட்டு டாக்டருக்குப் போன் போட்டேன். "அண்ணாச்சி, நான் ஆலங்குளத்துல நிக்கேன். வர சாயந்தரம் ஆயிரும். அதுக்குள்ள சீம்பால் உள்ள போயிரணும். லேட்டானா குடல் அதை ஏத்துக்கிடாது" என்றார். நோயைத் தாங்கும் சக்தியைக் கன்று தாயின் வயிற்றிலிருந்து கொண்டுவருவதில்லை. அந்த முதல் பாலில்தான் அது கிடைக்கிறது. கறந்து ஊட்டலாம் என்று மடியில் கை வைத்தேன். செவலை உதைத்தது.

கன்று காலை மடக்கி மடக்கி எழப் பார்த்தது. அப்புறம் எழப் பார்ப்பதையும் விட்டுவிட்டது.

"நீங்க வெளிய போங்க. ஒங்க கைதான் இப்ப அதுக்கு எமன்" என்றாள் அம்மா.

வேலியோரம் மழையில் நின்று பார்த்தேன். வெந்நீரில் துணி நனைத்துக் கன்றைத் துடைத்தாள். ஈன்ற இடத்தில் பனிக்குட நீரில் ஊறிக் கிடந்த வைக்கோலை அள்ளி அதன் முதுகில் தேய்த்தாள். கொஞ்சம் உப்புத் தூவிவிட்டு விலகி நின்றாள்.

செவலை வரவில்லை. வெகுநேரம் வரவில்லை. பிறகு ஓரடி எடுத்துவைத்துத் தலையைத் தாழ்த்தியது. முட்டப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

சொரசொரவென்று நாக்கு உரசும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தால், உப்பு போன பிறகும் நக்கிக்கொண்டே இருக்கிறது. அடித்தொண்டையில் மெல்லக் குரல் கொடுத்தது. கன்றிடம் பேசுகிற குரல் அது. கன்று எழுந்தது, விழுந்தது, எழுந்தது. தாயின் முன்னங்கால் நடுவே போய்த் தேடி, கடைசியில் மடியைக் கண்டுபிடித்தது.

அம்மா உங்களைக் கூட்டிவரக் கிளம்பினாள். அன்றைக்குச் சீம்பால் காய்ச்சித் தருவதாக உங்களிடம் சொல்லியிருந்தேன். நான் மட்டும் அடுக்களைக்குப் போய், அந்தப் பால் கன்றுக்கே இருக்கட்டும் என்று, கறக்கிற செம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.