இரண்டு பக்கமும் நுழையக் கூடாத தெரு

எங்கள் எதிர்வீட்டு டிரைவிங் மாஸ்டரை நகராட்சி எப்படி ஒழித்துக் கட்டியது என்று சொல்கிறேன். பயப்பட வேண்டாம், ஆள் உயிரோடுதான் இருக்கிறார். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார், காலையில் வேலைக்குப் போகிறார். ஆனாலும் ஒழித்துவிட்டார்கள்.

தெருவில் அவருக்கு 'இண்டிகேட்டர்' என்று பெயர். ஆளில்லாத மைதானத்தில் திரும்பினாலும் இண்டிகேட்டர் போடுகிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பது? முதலில் லாரி ஓட்டினார், பிறகு பள்ளிக்கூட வேன். பிறகு பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கி, வாசல் அறையில் ஒரு மேஜையைப் போட்டு, சாலைக்குறிகள் அச்சடித்த படத்தைச் சுவரில் மாட்டி, ஓட்டுநர் பள்ளி ஆரம்பித்தார். நானும் அங்கே படித்தவன்தான். முதல் வாரம் முழுக்கச் சாவியைத் தொடவே விடவில்லை. "வண்டிய யாரு வேணா ஓட்டுவான். நிறுத்தத் தெரிஞ்சவன்தான் டிரைவர்" என்பார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிடும். ஆனால் இத்தனை வருஷத்தில் அவர் பெயரில் ஒரு கேஸ் கிடையாது. மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளின் உத்தியோகத்தைச் சொல்லிக்கொள்வதுபோல அவர் அதைச் சொல்லிக்கொள்வார். அவருக்கும், நாங்கள் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவிக்கும் பிள்ளைகள் இல்லை.

எங்கள் தெருவின் கிழக்குப் பாதி ஒரு வார்டு, மேற்குப் பாதி இன்னொரு வார்டு. பெரிய ரோட்டு நெரிசலுக்குப் பயந்தவர்கள் எங்கள் தெருவில் புகுந்து குறுக்கே போவார்கள். இதைத் தடுக்கக் கிழக்குக் கவுன்சிலர் தன் முனையில் 'நோ என்ட்ரி' பலகை நட்டார். வருகிறவன் மேற்கு வழியாக வந்து தொலையட்டும் என்பது அவருடைய தொலைநோக்கு. மேற்குக் கவுன்சிலர் மட்டும் என்ன இளித்தவாயரா? அதே வாரம் அவரும் தன் முனையில் ஒன்றை நட்டார். இரண்டு பேரும் தனித்தனியாகப் பலகைக்குக் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஆக, எங்கள் தெருவிலிருந்து வண்டி வெளியே போகலாம், உள்ளே வர முடியாது. கோடு போடச் சொன்னால் ரோடே போடுகிறவர்கள் உண்டு. இருக்கிற ரோட்டை இல்லாமல் பண்ணியவர்களை அன்றுதான் பார்த்தேன்.

கூடவே இரண்டு முனையிலும் கேமரா. நாங்களா அசருவோம்? பலகையைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே வந்தோம், அபராதம் வந்தால் நகராட்சியின் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே கட்டினோம். மாஸ்டர் மட்டும் வரவில்லை. பலகை நட்ட அன்று வெளியே எடுத்த கார் அப்புறம் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. பெரிய ரோட்டில் மரக்கடை ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து வருவார். புறா எச்சத்தில் வெள்ளைக் கார் சாம்பல் நிறமானது.

இந்தக் கூத்துக்கு நடுவில் அக்காவுக்கு முட்டி ஆபரேஷன். வீட்டுக்கு அனுப்பும்போது வாசல்வரை வண்டியில்தான் கொண்டுபோய் இறக்க வேண்டும், ரோட்டில் நடக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"வாடகைக் கார்ல கூட்டிட்டு வந்துடுங்க மாஸ்டர்" என்றேன்.

"நான் பண்ணாத தப்ப அவன் மட்டும் பண்ணணுமா?"

இப்படிப்பட்ட மனிதரோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று அக்காவைத்தான் கேட்க வேண்டும். வேறு வழியில்லாமல் அவரோடு நகராட்சி அலுவலகம் போனேன். இரண்டு வார்டு இன்ஜினியர்களும் வேறு வேறு கட்டடத்தில் இருப்பார்கள் என்றல்லவா நினைத்தேன்? ஒரே அறை, ஒட்டிப் போட்ட மேஜைகள், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மின்விசிறி.

"மேற்குப் பக்கமா வாங்க" என்றார் கிழக்கு.

"கிழக்குப் பக்கமா வாங்க" என்றார் மேற்கு, செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ரெண்டு பக்கமும் அடைச்சிருக்கு சார்" என்றார் மாஸ்டர். "ஒரு பலகைய எடுத்தாப் போதும்."

"எதை எடுக்கறது? எடுத்தா எங்க கவுன்சிலர் தோத்த மாதிரி ஆயிடுமே" என்றார் கிழக்கு.

"அப்ப எனக்கு ஒரு நாளைக்கு மட்டும் அனுமதி கொடுங்க. வீட்டுக்காரியை இறக்கி விட்டுட்டு வந்துடறேன்."

"அதெல்லாம் வழக்கம் இல்ல சார்."

அப்போதுதான் மேற்கு செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். "நீங்க டிரைவிங் மாஸ்டர்தானே? ரிவர்ஸ்லயே போயிடுங்க. வண்டி மூஞ்சி வெளிய பாத்துதானே இருக்கும். வெளிய வர்ற வண்டின்னு கேமரா விட்டுடும்."

இருவரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒருவழிப் பாதைல ரிவர்ஸ் எடுத்தாலும் தப்புதான் சார்" என்றார் மாஸ்டர். அதற்கும் சிரித்தார்கள்.

அக்காவை அழைத்து வந்த அன்று நான் கிழக்கு முனையில் காத்திருந்தேன். கார் பலகைக்கு முன்னால் நின்றது. பின் சீட்டில் அக்கா கட்டுப் போட்ட காலை நீட்டிச் சாய்ந்திருந்தார். மாஸ்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பின்னால் ஹாரன் சத்தம். அவர் அசையவில்லை.

பின்கதவு திறந்தது. அக்கா நல்ல காலை வெளியே எடுத்துத் தரையில் ஊன்றினார். மற்ற காலைக் கையால் தூக்க முயன்றபோது முகம் வெளுத்துவிட்டது.

"நான் மெதுவா நடந்துடறேங்க. நீங்க சங்கடப்படாதீங்க."

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். "காலை உள்ள வை" என்றார்.

கதவைச் சாத்தினேன். அவர் காரைச் சற்று முன்னே நகர்த்தி, பின்பக்கத்தைத் தெருவுக்குள் வளைத்து, ரிவர்ஸில் வந்தார். வளையாமல் நெளியாமல், நூல் பிடித்த மாதிரி. வாசலுக்கு வாசல் சனங்கள் நின்று கைதட்டினார்கள், விசிலடித்தார்கள். தூக்குத் தண்டனைக்குப் போகிறவர் போல அவர் பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு போனார்.

அக்காவை உள்ளே படுக்க வைத்துவிட்டு வந்து, காரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"அருமையா எடுத்தீங்க மாஸ்டர்."

"கேமராவ ஏமாத்தினதுல என்ன அருமை" என்றார்.

கேஸ் வரவில்லை. இரண்டு பலகைகளும் இன்றைக்கும் கல் மாதிரி நிற்கின்றன. கார் தினமும் ரிவர்ஸில் வீடு வந்து சேர்கிறது.

போன மாதம் என் தங்கையை அவரிடம் சேர்த்துவிட்டேன். முதல் நாள் நானும் பின் சீட்டில் உட்கார்ந்து போனேன். ஊரின் அந்தப் பக்கம் ஏதோ ஒரு தெருமுனையில் அவள் 'நோ என்ட்ரி' பலகையைப் பார்த்து, ஒழுங்காகப் பிரேக் போட்டு நிறுத்தினாள். சபாஷ் வரும் என்று மாஸ்டர் முகத்தைப் பார்த்தாள். அவர் பலகையைப் பார்க்கவில்லை. கழுத்தை நீட்டி, கம்பத்தின் உச்சியைப் பார்த்தார்.

"கேமரா இல்ல. போம்மா" என்றார்.