சேற்றுக் காலோடு மாப்பிள்ளை விருந்து

பழவேற்காடு பேருந்து நிறுத்தத்தில் ஆட்டோ ஓட்டும் ஷாகுல் ஹமீதுக்கு 'முடியாது' என்ற சொல் வாயில் வராது. ஊர் பார்க்க வந்தவர்கள் எதைக் கேட்டாலும் "எஸ், நோ பிராப்ளம்" என்பார். பிராப்ளம் பின்னாலேயே ஓடிவரும்.

அவருடைய அக்கா மஸூதாவின் மகளுக்கு முந்தின நாள்தான் நிக்காஹ் முடிந்திருந்தது. அன்று மதியம் மாப்பிள்ளை விருந்து. சஹன் என்கிற பெரிய வட்டத் தட்டைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். மாப்பிள்ளையின் சஹனில் தாய்மாமன் ஷாகுல் வந்து உட்காராமல் யாரும் கை வைக்க முடியாது.

"லுஹர் தொழுகைக்கு முன்னாடி வந்துடுடா. மாப்ள காத்துக்கினு கெடந்தா என் மானம் பூடும்" என்று காலையிலேயே சொல்லி அனுப்பினாள் மஸூதா.

"நோ பிராப்ளம்க்கா."

அன்றைய சவாரி ஹாலந்திலிருந்து வந்த நான்கு கல்லூரி மாணவர்கள், இரண்டு பெண்கள், இரண்டு பையன்கள். டச்சுக் கல்லறையில் தங்கள் ஊர் எழுத்தைக் கண்டதும் லோட்டே என்ற பெண் கல் கல்லாக விரலால் தடவிப் படித்தாள். வாசலில் செதுக்கியிருந்த எலும்புக்கூட்டைப் போலவே தாடையில் கைவைத்து நின்று படம் பிடித்துக்கொண்டான் நெட்டையன் பீட்டர். கடைத்தெருவில் வறுத்த இறாலைக் காரம் தாங்காமல் ஊதி ஊதித் தின்றுவிட்டு இன்னொரு பொட்டலம் கேட்டார்கள்.

"ஃபிளமிங்கோ?" என்றாள் லோட்டே.

ஷாகுல் வெயிலை அண்ணாந்து பார்த்தார். "எஸ், நோ பிராப்ளம்."

கண்ணப்பனின் படகு ஏரிக்குள் போனது. தூரத்தில் பூநாரைகள் வெள்ளைக் கோடாகத் தெரிந்தன. இன்னும் பக்கத்தில் போகலாமா என்று கை காட்டினான் பீட்டர்.

"பாய், தண்ணி வத்திக்கினு கீது. இதுக்கு மேல போனா தரை தட்டும்" என்றார் கண்ணப்பன்.

"கொஞ்சூண்டு போ நைனா. எம்மாந் தூரத்துலேர்ந்து வந்துக்கிறாங்க!"

கொஞ்சூண்டு போனது, தரை தட்டியது. அந்தச் சத்தத்தில் பறவைகள் மொத்தமாக எழும்ப, வானமே ரோஜா நிறமானது. மாணவர்கள் கூத்தாடினார்கள்.

எல்லோரும் இறங்கினார்கள். முழங்கால் வரை சேறு.

"இதுவும் டூர்ல உண்டா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான் பீட்டர்.

"எஸ், எஸ். ஸ்பெஷல்."

"இன்னா ஸ்பெஷலு? தள்ளு பாய்!" என்று கத்தினார் கண்ணப்பன்.

"ஐலசா!" என்று அவர் குரல் கொடுக்க, நாலு பேரும் "ஐலசா!" என்று வாய் கொள்ளாச் சிரிப்போடு தள்ளினார்கள். படகு அசைந்தபோது கரையிலிருந்து லுஹர் பாங்கு கேட்டது. ஷாகுல் மட்டும் சிரிக்காமல் இன்னும் வேகமாகத் தள்ளினார்.

யாரையும் இறக்கிவிட நேரமில்லை. கண்ணப்பனையும் சேர்த்து ஆட்டோவில் அடைத்துக்கொண்டு நேராக அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றார்.

மஸூதா அத்தனை கால்களையும் ஒரு பார்வை பார்த்தாள். "இன்னாடா இது?"

"டச்சுக்கார கெஸ்ட்டுக்கா."

"அன்னிக்குக் கப்பல்ல வந்தாங்க. இன்னிக்குச் சேத்துல வராங்களா?" என்றவள், வாளித் தண்ணீரை முதலில் தம்பியின் காலில்தான் ஓங்கி ஊற்றினாள். "போ, மாப்ள மூஞ்சில நீயே முழி."

பெண்கள் இருவரும் மணப்பெண்ணிடம் போனார்கள். கூடத்தில் மூடி வைத்த சஹன் முன்னால் மாப்பிள்ளை கௌஸ் மைதீன் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஷாகுல் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தார். எதிரே பீட்டரும் அவன் நண்பனும். பிஸ்மில்லாஹ் சொல்லி பிரியாணியில் கை வைத்தார்கள்.

குற்ற உணர்ச்சியில் ஷாகுல் நல்ல கறித்துண்டாகப் பார்த்து மாப்பிள்ளை பக்கம் தள்ளினார். விருந்தாளிக்கு அப்படித் தள்ளுவதுதான் அங்கே மரியாதை. மாப்பிள்ளை அதைப் பீட்டர் பக்கம் தள்ளினார். அது ஏதோ விளையாட்டு என்று நினைத்த பீட்டர், நண்பன் பக்கம் தள்ளினான். அவன் மறுபடி மாப்பிள்ளைக்கே தள்ளினான். பக்கத்துச் சஹனில், பூநாரை பார்க்கப் போய்ப் படகு தரை தட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்த கண்ணப்பனுக்குப் புரையேறிவிட்டது.

மாப்பிள்ளையும் அதற்குமேல் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அந்தத் துண்டைப் பிய்த்து, பெரிய பாதியை ஷாகுல் முன்னால் வைத்தார். "சாப்பிடுங்க மாமா. படகு தள்னது நீங்கதானே?"

ஷாகுலுக்கு அப்போதுதான் பசியே தெரிந்தது.

"மாமா, நாளைக்கு எங்க ரெண்டு பேரையும் அந்தப் பறவைங்ககிட்ட கூட்டினு போறீங்களா?"

"நோ பிராப்ளம் மாப்ள!"

"டேய்!" என்று உள்ளேயிருந்து மஸூதாவின் குரல் வந்தது.



"படகு வராது பாய்!" என்றார் கண்ணப்பன், வாய் நிறையச் சோற்றோடு.