ஜரினா அக்கா போர்த்திய சால்வை

கடையில் பெட்டிகளைத் திறந்து சால்வைகளை நிழலில் விரித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "அம்மா மௌத்தாயிட்டாங்க ஆன்ட்டி" என்றாள் ஜரினா அக்காவின் மகள். சாவுச் செய்தி கேட்டும், விரித்ததையெல்லாம் மடித்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். போட்டது போட்டபடி விட்டுப் போனால் அக்காவுக்குப் பிடிக்காது.

மாமல்லபுரத்தில் எங்கள் தெருவில் கடை வைத்திருக்கும் உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வெயில் கொளுத்துகிற ஊரில் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கையால் நெய்த கம்பளிச் சால்வை விற்கிற பிழைப்பு எங்களுடையது. விற்பது நான், சரக்கைக் காப்பது அக்கா. மடித்த இடத்திலேயே மறுபடி மடித்தால் நூல் இற்றுவிடும் என்று மாதாமாதம் எல்லாவற்றையும் பிரித்து வேறு இடத்தில் மடிக்க வைப்பார். "கடல் காத்துக்கு இரும்பே தாங்கல, ஆட்டுமயிரு தாங்குமாடி?" என்பார். எனக்கு அலுப்பாக வரும்.

ஒரு புயலுக்குப் பயந்து கடை முதலாளி சால்வைகளை எல்லாம் பிளாஸ்டிக் பையில் திணித்து டேப் ஒட்டிவிட்டார். மழை விட்டுத் திறந்தால் உள்ளே புழுங்கி ஒரே பூஞ்சை வாடை. மொட்டைமாடி வெயிலில் போடலாம் என்றார். "சாயம் போயிடும் சார்" என்று அக்கா படிக்கட்டை மறித்து நின்றார். கடைக்குள்ளேயே கயிறு கட்டி, இருவரும் திருப்பித் திருப்பிப் போட்டுக் காயவைத்தோம். அப்போதுதான் ஒரு பழுப்புச் சால்வையில் பூச்சி அரித்த ஓட்டையைப் பார்த்தோம். அக்கா அதே நிற நூலால் இழை இழையாக அடைத்தார். அப்படியும் அது விலை போகவில்லை.

பிறகு அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, டயாலிசிஸுக்காக செங்கல்பட்டுக்கு அலைந்தோம். மகள் வேலைக்குப் போகிற நாட்களில் நான் துணை. ஏசி அறையில் நடுங்குவார். முதலாளியிடம் கேட்டு அந்தப் பழுப்புச் சால்வையை எடுத்துப்போனேன்.

"கட சரக்குடி இது. வேர்வ பட்டா பூச்சி வரும். எடுத்துகினு போ."

எனக்குப் பொறுக்கவில்லை. "பஸ்ஸுல தொங்கிகினு வரேன், என்னால முடியலக்கா. இத்தயாவது போத்திக்கோயேன்" என்று அழுதுவிட்டேன். "சரி, போத்து" என்றார். அன்று நடுங்காமல் தூங்கினார். எழுந்ததும் முதல் வேலையாக, ஊசி குத்திய கையோடு சால்வையை வேறு இடத்தில் மடித்தார்.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்ததும் மகள் அந்தச் சால்வையை என்னிடம் கொடுத்தாள். போர்த்திய கம்பளியைத் துவைக்காமல் உள்ளே வைக்கக் கூடாது என்பது அக்கா போட்ட சட்டம். நான் துவைக்கவில்லை. அதில் இன்னும் அவருடைய தலையெண்ணெய் வாசனை இருக்கிறது. பூச்சி வரும் என்று தெரியும். அதனால் கடைப் பெட்டியில் சேர்க்காமல் என் வீட்டில் வைத்திருக்கிறேன். தினமும் எடுத்து உதறி, வேறு இடத்தில் மடிக்கிறேன். அலுப்பாகத்தான் இருக்கிறது அக்கா.