புளித்தண்ணீரில் போட்ட மூடி

என் வீட்டுச் சமையலறை ஜன்னலில் ஓர் அலுமினிய மூடி கிடக்கிறது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். ஒரு பக்கம் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக அரித்துப்போய், ஓரத்தில் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு ஓட்டையும் விழுந்திருக்கிறது. லீவுக்கு வரும் பேரப்பிள்ளைகளில் யாராவது ஒருவர் அதைக் குப்பையில் போடப் போவதும், நான் சத்தம் போட்டு வாங்கி வைப்பதும் வழக்கமாகிவிட்டது. அது ஒரு பழைய ஜீப்பின் கார்புரேட்டர் மூடி. அதைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டுக் கெடுத்தவர் என் மதினி, அதாவது என் அண்ணனின் மனைவி. நான் பார்த்த பெண்களில் கெட்டிக்காரி யார் என்று கேட்டால் யோசிக்காமல் அவரைத்தான் சொல்வேன். மூடியைப் பார்த்துவிட்டு யாரும் அதை நம்புவதில்லை.

ஐம்பதுகளில் போடிநாயக்கனூரில் அப்பாவுக்குச் சின்னதாக ஓர் ஏலக்காய்க் கடை இருந்தது. மலையில் விளைவதை மெட்டிலிருந்து கீழே இறக்கிக்கொண்டு வருவது அண்ணனின் வேலை. பட்டாளத்துக்காரர்கள் கழித்துவிட்ட ஒரு ஜீப்பை ஏலத்தில் எடுத்து வைத்திருந்தார். காலையில் அதைக் குளிப்பாட்டிவிட்டுத்தான் அவர் குளிப்பார். வண்டியின் பானெட்டை யாராவது அறைந்து மூடினால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் நிம்மதி கிடையாது. தெருவில் முன்பின் தெரியாத ஒரு லாரிக்காரர் கியரைக் கரகரவென்று இழுத்தால்கூட இவருக்குப் பல் கூசும். சாப்பாட்டில் கை வைத்திருந்தாலும் எழுந்துபோய் நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வருவார். எங்களிடம் அதிகம் பேசாத மனிதர், இயந்திரத்துக்கு ஒரு கெடுதல் என்றால் பொறுக்க மாட்டார்.

ஓர் ஐப்பசி மழையில், மலையடிவாரத்து முந்தலுக்கு மேலே ஒரு வளைவில் வண்டி வழுக்கி ஓடைக்குள் உருண்டுவிட்டது. கிளீனராக இருந்த சிலமலைக்காரர் குதித்துத் தப்பினார். அண்ணனுக்கு இடது தொடை எலும்பு முறிந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் வெகுநாள் கிடந்து மாவுக்கட்டைப் பிரித்துக்கொண்டு வீடு வந்தபோது, எலும்பு கூடிவிட்டது, இனி ஊன்றிப் பழகினால்தான் நடை வரும், படுத்தே கிடந்தால் கால் சூம்பிப்போகும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அண்ணன் ஊன்றவில்லை. பேசவும் இல்லை. கஞ்சி கொடுத்தால் குடிப்பார், இல்லையென்றால் கேட்க மாட்டார். ஓடையில் மழைக்காலம் முழுக்கக் கிடந்த ஜீப்பை மாடு கட்டி இழுத்து, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து கொல்லையில் தள்ளிய அன்று மட்டும் கையை நீட்டி ஜன்னலைச் சாத்தச் சைகை காட்டினார். அதன் பிறகு அந்த ஜன்னல் திறக்கவே இல்லை. அறையில் நாள் முழுக்க இருட்டு. மதினி ஒரு நாள் அவருடைய கெண்டைக்காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்து, "சதை குறஞ்சுக்கிட்டே வருது ஆத்தா" என்று என்னிடம் சொன்னார்.

துருப்பிடித்த வண்டியைப் பார்க்கப் பார்க்கத்தான் பையன் மனசு உடைகிறது என்று அப்பா முடிவு கட்டினார். பழைய இரும்புக்காரரை வரச் சொன்னார். மதினி மாமனார் முன்னால் நின்று பேசியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. தூணை ஒட்டி நின்றுகொண்டு, "சித்திரையில வீரபாண்டித் திருவிழா வரைக்கும் பொறுங்க மாமா. அது போயிருச்சுன்னா அவுக எந்திரிக்க மாட்டாக" என்றார். அப்பா என்னைப் பார்த்தார். நான் ஏதாவது குறும்பாகச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் மதினி பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்; அப்பா இரும்புக்காரரைத் திருப்பி அனுப்பினார்.

மதினி தேவாரம் பக்கத்துக்காரர். அவருடைய பிறந்த வீட்டில் கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சுவார்கள். காய்ச்சும்போது மேலே திரளும் அழுக்கை வழித்து ஒரு பானையில் ஊற்றி வைப்பார்களாம். அதற்குள் தவறி விழுந்த ஒரு துருப்பிடித்த அரிவாள், பல நாள் கழித்து எடுத்தபோது கழுவிய வெள்ளிபோல இருந்ததை அவர் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். அதை நம்பித்தான் மாமனாரிடம் தவணை கேட்டிருக்கிறார். தன் கூடப்பிறந்த அண்ணன்களிடம் சொல்லி அந்த அழுக்குப் பாகை மாட்டுவண்டியில் வரவழைத்தார். கொல்லையில் அகன்ற வாய்ப் பானைகளைக் கழுத்துவரை புதைத்து, பாகில் நிறையத் தண்ணீர் கலந்து ஊற்றி, சிலமலைக்காரர் கழற்றிக் கொடுத்த பிரேக் டிரம், வண்டி குலுங்காமல் தாங்கும் வில்லுப் பட்டை எல்லாவற்றையும் உள்ளே இறக்கினார். துருவில் இறுகித் திருக வராத ஆணிகளுக்கு மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து சொட்டுச் சொட்டாக விட்டார். சின்னச் சாமான்களுக்குப் புளியும் உப்பும் கரைத்த தண்ணீர், ஒரு ராத்திரி ஊறினால் போதும். ஊறியதை அப்படியே விட்டால் புளிப்பு உள்ளே நின்று மறுபடி துரு ஏறும் என்று சாம்பல் கரைத்த தண்ணீரில் அலசி, வெயிலில் சுடச் சுடக் காயவைத்து, விளக்கெண்ணெய் தடவி, கிழிந்த சேலைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவார். ஊறுகாய் போடுகிற பக்குவம்தான், வேறொன்றுமில்லை என்பார். நான் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டே, "இந்த ஊறுகாயை யாருக்கு மதினி பரிமாறப் போறீங்க?" என்று கேலி செய்வேன். கருமை ஏறிய கையால் என் கன்னத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போவார்.

மாசி வெயிலில் அந்தப் பாகுத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு பொங்கியது. வாடை தெருக்கோடி வரை போனது. மதுவிலக்கு கடுமையாக இருந்த காலம். வெல்லத்தண்ணீரைப் பானையில் ஊற்றி மண்ணில் புதைத்து வைப்பது எதற்கென்று பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். யார் போய்ச் சொன்னார்களோ, ஒரு நாள் காலையில் ஏட்டும் இரண்டு போலீஸ்காரர்களும் நேராகக் கொல்லைக்குள் வந்துவிட்டார்கள். தெருவே வாசலில் கூடியது. கடைத்தெருவில் பெயரெடுத்த அப்பா, தலையில் கை வைத்துக்கொண்டு மாட்டுத்தொட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். ஏட்டு ஒரு பானையைத் தடியால் உடைத்தார். தண்ணீர் ஓடிய பிறகு மிச்சமிருந்தது ஒரு கட்டு வில்லுப் பட்டை. அவர் அதைத் தடியால் தட்டிப் பார்த்தார்.

"சாராயத்துல இரும்ப எதுக்கும்மா போட்டிருக்க?" என்றார்.

"சாராயம் இல்ல ஏட்டய்யா, துரு போறதுக்கு. வேணும்னா அடுத்த பானையில கைய விட்டுப் பாருங்க. ஒடைக்க வேணாம், அது இன்னும் ஒரு வாரம் ஊறணும்" என்றார் மதினி.

ஏட்டு சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கையை விட்டார். பளபளவென்று ஒரு பிரேக் டிரம் வந்தது. பாகு ஒழுக ஒழுக அதைக் குழந்தையைத் தூக்குவது மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவர் நின்ற கோலத்தைப் பார்த்து முதலில் சிரித்தது அப்பாதான். பிறகு போலீஸ்காரர்கள் சிரித்தார்கள். ஏட்டு போகும்போது, தன் சைக்கிள் செயினுக்கும் இது ஆகுமா என்று கேட்டுக்கொண்டு போனார். தெருவே சிரித்த அந்த வேளையில் மதினி மட்டும் திரும்பித் திரும்பி அண்ணன் அறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது திறக்கவில்லை. உள்ளேயிருந்து என்ன என்று ஒரு குரலும் வரவில்லை. அதுவரை கலங்காத மதினி, உடைந்த பானைச் சில்லுகளைப் பொறுக்கும் சாக்கில் குனிந்துகொண்டு அழுதார்.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்த மூடி விவகாரம். ஒரு மண்சட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு மதினி அண்ணனின் அறைக்குள் போனார். கஞ்சி கொடுக்க நானும் கூடவே போனேன். சட்டியைக் கட்டில் பக்கத்து முக்காலியில் வைத்துவிட்டு, யாரிடமோ சொல்வதுபோல, "கார்புரேட்டர் மூடி. ரெண்டு நாளா புளியில கெடக்கு, இன்னும் வெளுக்க மாட்டேங்குது. இன்னுங் கொஞ்சம் புளியக் கரச்சு ஊத்தணும்" என்றார். சட்டிக்குள் சாம்பல் நிறத்தில் நுரை கட்டியிருந்தது. அண்ணன் தலையைத் திருப்பினார். பார்த்தார். முகம் சிவந்துகொண்டு வந்தது.

"அறிவிருக்காடி ஒனக்கு? அலுமினியத்தப் போயி யாராவது புளியில போடுவாகளா? எடு. வெரசா எடு."

எத்தனையோ மாதம் கழித்து நாங்கள் கேட்ட குரல். கரகரத்துப்போய் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. மதினி எடுக்கவில்லை. பயந்தவர்போல் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பொறுக்க முடியாமல் அண்ணன் கையை ஊன்றி எழுந்து, காலைக் கீழே தொங்கவிட்டு உட்கார்ந்து, தானே சட்டிக்குள் கை விட்டு மூடியை எடுத்தார். வேட்டியில் துடைத்தார். குழிகளை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். "மத்ததெல்லாம் என்ன கதி பண்ணி வச்சிருக்கியோ. கொண்டா பாப்பம். ஏ புள்ள, அந்த ஜன்னலத் தெற" என்றார். நான் ஜன்னலைத் திறந்தேன். என் கையிலிருந்த கஞ்சி பாதி தரையில் சிந்தியிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து கட்டிலில் சாக்கை விரித்துவிட்டார்கள். பெட்டியிலிருந்து ஒவ்வொரு சாமானாக மதினி கொண்டுவந்து வைக்க, அண்ணன் அரத்தால் ராவித் தேய்த்துப் பார்த்து, நல்லது கெட்டதைப் பிரித்தார். கொஞ்ச நாளில் கட்டில் கொல்லைக்குப் போனது. இஞ்சினுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும் என்றால் நின்றுதானே ஆகவேண்டும்? முதலில் மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு வண்டியைச் சுற்றி வந்தார். பிறகு கம்பு ஊன்றிக்கொண்டு கடைத்தெரு வரை போய் ஸ்பானர் வாங்கி வந்தார். புது மூடிக்கு மதுரைக்கு ஆள் அனுப்பினார். வீரபாண்டித் திருவிழாவுக்கு முன்னாலேயே வண்டி உறுமியது. கொல்லையில் புகை மண்டி எல்லாரும் இருமினோம். அப்பாவை உட்காரச் சொன்னபோது அவர், "மொதல்ல மருமகள ஏத்து" என்று விலகிக்கொண்டார். அண்ணனும் மதினியும் முந்தல் வரை போய், அந்த வளைவில் நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார்கள். அண்ணனுக்குக் கடைசிவரை நடையில் லேசாக ஒரு தாங்கல் இருந்தது. ஆனால் நடந்தார், ஓட்டினார், லாரிக்காரர்களை வைதார்.

புளியில் அலுமினியம் போட்ட கதை எங்கள் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. கல்யாணமோ காதுகுத்தோ, நாலு பேர் கூடினால் அண்ணன் ஆரம்பித்துவிடுவார். "எங்க வீட்டம்மா செஞ்ச வேலையக் கேளுங்க" என்பார். மதினி தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டு இலை போடுவார். நானும் சேர்ந்து சிரித்தவள்தான். கல்யாணமாகி நான் தனிக்குடித்தனம் வைத்த பிறகு ஒருமுறை மதினி வந்திருந்தார். மீந்த புளிக்குழம்பை நான் அலுமினியச் சட்டியில் ஊற்றி மூடியதைப் பார்த்துவிட்டு, ஓடி வந்து பிடுங்கி மண்சட்டிக்கு மாற்றினார். "என்னத்தா நீ, அலுமினியத்துல புளிய ஊத்தி வைப்பாகளா? அரிச்சு ஓட்டை விழுந்துராது?"

நான் அவர் முகத்தையே பார்த்தேன். "இது ஒங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும் மதினி?" என்று கேட்டேன்.

"எங்காத்தா மொதமொத அலுமினியச் சட்டி வாங்குன நாள்லேர்ந்து தெரியும்" என்றார். சட்டியைத் துலக்கிக் கவிழ்த்துவிட்டு, "ஒங்கண்ணன்ட்ட சொல்லிராத. அவுக எனக்குச் சொல்லிக் குடுத்ததாவே இருக்கட்டும்" என்றார். ஏட்டு வந்தும் எழும்பாத மனுசனை, வண்டிக்குச் செய்கிற ஒரு தப்பு எழுப்பிவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அதற்காக ஊர் சிரிக்கும் முட்டாள் பட்டத்தை ஆயுசுக்கும் ஏற்றுக்கொண்டவர். அன்றைக்கு அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. காப்பி போட்டுக் கொடுத்தேன்.

மதினி கண்ணை மூடிய வருசம், காரியமெல்லாம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பின், அண்ணன் என்னைக் கூப்பிட்டு இந்த மூடியைக் கையில் கொடுத்தார். மதினி அதை மிளகாய் வற்றல் டப்பாவுக்கு மூடியாகப் போட்டு வைத்திருந்தாராம். வழக்கம்போல அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். மதினியின் ரகசியத்தைச் சொல்லிக் கெடுத்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"அவ புளியில போட்டது மூடிய மட்டுந்தான் புள்ள" என்றார் அண்ணன். "மறுநா பெட்டியத் தொறந்து பாத்தேன். கார்புரேட்டரோட மத்த அலுமினியச் சாமான் அம்புட்டையும் எண்ணெய் தடவித் துணியில சுத்தித் தனியா வச்சிருந்தா. ஒண்ணுலகூடப் புளி படல."

"அவுககிட்ட நீங்க கேக்கலையாண்ணே?"

"கேட்டா, எனக்குத் தெரிஞ்சுபோச்சேன்னு வெசனப்படுவா" என்று சொல்லிவிட்டு, கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனார்.

இப்போது அண்ணனும் இல்லை. சாயங்கால வெயில் என் சமையலறை ஜன்னலுக்கு வரும்போது, மூடியின் ஓரத்து ஓட்டை வழியாகச் சுவரில் ஒரு சின்னப் பொட்டு விழும். பாத்திரம் துலக்கிக்கொண்டே அதைப் பார்ப்பேன். புளிக்குழம்பு இன்னும் மண்சட்டியில்தான் வைக்கிறேன்.