கீரைப் பாத்தி வியாகுலம்மாள்

பாத்திக்குள் கால் வைக்கும் முன் வியாகுலம்மாள் வரப்பில் நின்று கை தட்டுவார். செடி ஏதும் அசைகிறதா என்று பார்ப்பார். "போயிருங்கப்பா, பிள்ளைங்க சாப்பாட்டுக்குத்தான் வந்திருக்கேன்" என்று கண்ணுக்குத் தெரியாத பாம்புகளிடம் சொல்லிவிட்டுத்தான் குனிவார். பாம்பு மட்டுமல்ல. இடி, கொம்பு மாடு, கைப்பிடிச் சுவரில்லாத கிணறு, அதிகாரிகளின் ஜீப் எல்லாமே அவருக்குப் பயம்தான்.

கணவர் கிளமென்ட் பொன்மலை ரயில்வே பணிமனையிலிருந்து ஓய்வு பெற்றதும், இருவரும் தொட்டியம் பக்கத்துக் கிராமத்துக்கு வந்துவிட்டார்கள். ஊர்ப் பள்ளியில் சத்துணவு தொடங்கிய வருடம், பின்புறம் முள் மண்டிக் கிடந்த இடத்தைத் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கித் தோட்டம் போட்டார் வியாகுலம்மாள். சம்பளம் கிடையாது. கீரையையும் வெண்டையையும் பறித்து, நறுக்கி, சமையல்கார ரெங்கம்மாளிடம் கொடுத்துவிட்டுப் பந்தி முடியும்வரை நிற்பார். எந்தப் பிள்ளைக்காவது புரையேறினால் இவர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். "சோறுதானே போடுறோம், எதுக்கு இப்படி நடுங்குறீங்க?" என்று ரெங்கம்மாள் கேட்பார்.

போன ஐப்பசியில் ஒரு நாள் கீரைக் கடைசல். காலையில் வழக்கம்போலப் பள்ளிக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில்தான் கீரையை அலசினார். பந்தி உட்கார்ந்ததும், கூடையைக் கழுவ மறுபடி வாய்க்காலுக்குப் போனார். தண்ணீர் வெளுத்து ஓடியது. பொடிமீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. தண்ணீர் வரும் திசையில் தங்கையனின் வாழைத் தோட்டம்; பூச்சிமருந்து அடித்த கருவியை யாரோ காலையிலிருந்தே வாய்க்காலில் கழுவியிருக்கிறார்கள். கீரையை அலசியதும் இதே தண்ணீரில்தான். ஓடிவந்து பிள்ளைகளின் தட்டுகளைக் கையால் தட்டிவிட்டார். ஆனால் முதலில் உட்கார்ந்த பிச்சையும் வீராயியும் அதற்குள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் வாந்தி. வாயில் எச்சில் வழிந்தது. தலைமையாசிரியர் ஒரு வாழைத்தார் லாரியை மறித்து, தொட்டியம் ஆஸ்பத்திரிக்கு இருவரையும் ஏற்றிக்கொண்டார். என்ன மருந்து என்று டாக்டர் கேட்பார், தெரிந்தவர்கள் டப்பாவைக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். வாய்க்கால் தண்ணீர் யாருக்கு எப்போது என்று முடிவு செய்பவர் தங்கையன். அவர் வாசலுக்குப் போக ஒருவரும் நகரவில்லை.

வியாகுலம்மாள் போனார்.

"என் தோட்டத்துல மருந்தே அடிக்கலை" என்றார் தங்கையன்.

"சண்டைக்கு வரலைங்க. பேரு தெரிஞ்சாத்தான் பிள்ளைங்களுக்கு ஊசி போடுவாங்க. டப்பாவை மட்டும் கொடுங்க."

போகச் சொன்னார் அவர். வியாகுலம்மாள் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். கால் நடுங்கி, நிற்க முடியாமல்தான் உட்கார்ந்தார். தங்கையன் அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்டு சத்தம் போட்டார். அவர் மனைவி காளியாயிதான் மோட்டார் கொட்டகைக்குப் போய், சாக்கில் சுற்றிய டப்பாவைக் கொண்டுவந்து இவர் மடியில் வைத்தார். பஸ்ஸில் தொட்டியம் போய்ச் சேரும்வரை, அதை உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்தபடியே வந்தார் வியாகுலம்மாள். டப்பாவைப் பார்த்த பிறகு டாக்டர் மருந்தை மாற்றினார்.

பிள்ளைகள் பிழைத்தார்கள். தன் தோட்டத்து மருந்துதான் என்று தங்கையன் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. பழைய பாத்தியை மண்வெட்டியால் புரட்டிப் போட்டு, பள்ளி அடிகுழாய்த் தண்ணீரைக் குடத்தில் சுமந்து புதுக் கீரை வளர்த்தார் வியாகுலம்மாள். சில பெற்றோர், அந்த அம்மா கை பட்ட எதையும் தின்னாதே என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

கீரை மறுபடி பந்திக்கு வந்த அன்று தட்டுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. வீராயி தட்டை நகர்த்தவில்லை, ஆனால் அதன்மேல் கையை விரித்து மூடிக்கொண்டாள். வியாகுலம்மாள் கரண்டியை ரெங்கம்மாளிடம் கொடுத்தார். வீராயியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "கொஞ்சம் கையை எடு, தாயி" என்றார். ரெங்கம்மாள் கீரையை ஊற்றினார். வியாகுலம்மாள் அந்தத் தட்டிலிருந்தே ஒரு வாய் பிசைந்து எடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினார்.