ஒன்பது நாள் தமிழ் வகுப்பு

அந்த வருடம் ஆறாம் வகுப்புக்கு நான்தான் வகுப்பாசிரியை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் நடுநிலைப் பள்ளி. பிள்ளைகளில் பாதிப் பேர் நெல் வயல் வைத்திருக்கும் ஊர்க்கார வீடுகளிலிருந்து வருவார்கள். மீதிப் பேர் காலனிப் பிள்ளைகள். அவர்களுடைய தாத்தாக்கள் அந்த வயல்களில் கூலி வேலை செய்தவர்கள், அப்பாக்கள் கம்பெனிக்குப் போகிறவர்கள். யாரும் சொல்லாமலே ஊர் ஒரு வரிசையிலும் காலனி ஒரு வரிசையிலும் உட்கார்ந்துவிடும். நானும் பல வருடங்களாக அதைக் கண்டும் காணாமல்தான் இருந்தேன்.

ஜூன் கடைசியில் ஒரு புதுப் பெண் வந்தாள். தலைமை ஆசிரியை அவளை வகுப்பு வாசலில் விட்டுவிட்டு, ஒரிசாக்காரப் பெண், அப்பாவுக்கு இரும்புக் கம்பெனியில் வேலை, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. அவளுடைய டி.சி. பக்கத்து அறை அலமாரியில்தான் இருந்தது. நான் எடுத்துப் பார்க்கவில்லை.

அவளை முதல் பெஞ்சில் உட்காரவைத்து, புத்தகத்தைத் தூக்கிக் காட்டி, "இது... புத்தகம்" என்றேன். தலையாட்டினாள். "அது... கதவு" என்றேன். அதற்கும் தலையாட்டினாள். தமிழாசிரியை பயிற்சிக்குப் போயிருந்ததால் அவளுக்குத் தமிழ் சொல்லித்தரும் பொறுப்பும் என்னுடையதுதான் என்று நினைத்துக்கொண்டேன். தினமும் மதிய உணவு முடிந்ததும் இருபது நிமிடம் ஒதுக்கினேன். பசு, மரம், வாளி என்று படம் வரைந்து, வாயை அகலமாகத் திறந்து சொல்லிக்கொடுத்தேன். அவள் ஒரு வார்த்தையையும் இரண்டாம் தடவை கேட்டதில்லை. பஸ்ஸில் திருவள்ளூர் திரும்பும்போது எனக்குப் பெருமை தாங்காது. அந்தப் பெண் கற்பூரம், சொன்ன உடனே பிடித்துக்கொள்கிறாள் என்று வீட்டில் கணவரிடம் அளந்தேன்.

பிள்ளைகள் என்னைப் பார்த்துத்தானே பழகுவார்கள். அவர்களும் அவளிடம் சைகையில் பேசினார்கள். ஆட்டத்தின் விதிகளை விளக்க முடியாதென்று கோ-கோவுக்கு அவளைக் கூப்பிடவில்லை. இரண்டு மூன்று பேர் முதுகுக்குப் பின்னால் "இந்திக்காரி" என்றும் சொன்னார்கள். இப்படி ஒன்பது நாள் போனது.

பத்தாம் நாள் சமூக அறிவியலில் பாரபட்சம் பற்றிய பாடம். ஓர் ஆளைத் தெரிந்துகொள்ளும் முன்பே அவரைப் பற்றி முடிவு கட்டிவிடுவது என்று கரும்பலகையில் எழுதினேன். எல்லோரும் அழகாக நோட்டில் எழுதிக்கொண்டார்கள். உங்கள் வாழ்க்கையிலிருந்து யாராவது ஓர் உதாரணம் சொல்லுங்கள் என்றேன். பிறகு முதல் பெஞ்சில் ஒரு கை மெதுவாக உயர்ந்தது.

"மிஸ், நீங்க எனுக்குத் தமிழ் சொல்லித் தரீங்க இல்ல, அது."

நான் சாக்பீஸை மேஜையில் வைத்தேன்.

"எனுக்குத் தமிழ் தெரியும் மிஸ். நான் பொன்னேரி ஆஸ்பத்திரிலதான் பொறந்தேன். ஒரிசாவ ரெண்டே வாட்டிதான் பாத்துக்கீறேன்."

இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க அவ்ளோ ஆசையா சொல்லிக் குடுத்துக்கினு இருந்தீங்க. சொன்னா உங்களுக்குப் பேஜாராயிடும்னு உட்டுட்டேன்."

முதலில் சிரித்தது நான்தான். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தேன். அதில் பாதி வெட்கம். பிறகு வகுப்பே குலுங்கியது, அவளும் சேர்ந்துகொண்டாள். சிரிப்பு அடங்கியதும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். மிஸ் மன்னிப்புக் கேட்பதைப் பிள்ளைகள் அதற்கு முன் பார்த்ததில்லை போலிருக்கிறது. அதற்குப் பிறகு ஒவ்வொருவராக வாய் திறந்தார்கள். பென்சில் காணாமல் போனால் முதலில் தன் பையைத்தான் திறக்கிறார்கள் என்றாள் ஒரு காலனிப் பெண். அப்படித் திறந்த பையன் அவளுக்கு எதிர் வரிசையில்தான் இருந்தான். அவன் எழுந்து, இனி திறக்க மாட்டேன் என்றான். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை எல்லோருடைய பெயரையும் எழுதிக் குலுக்கிப்போட்டு இடம் மாற்றினேன். இரண்டு வரிசைகளும் கலைந்தன. ஒரிசாப் பெண்ணுக்குப் பக்கத்தில் ஊரில் பெரிய விவசாயி ஒருவரின் மகள் வந்தாள். மறுநாளே அந்த அப்பா பள்ளிக்கு வந்துவிட்டார். நல்ல மரியாதையாகத்தான் பேசினார்.

"எங்கருந்தோ வந்த புள்ள டீச்சர். இன்னா ஜனமோ, இன்னாவோ. ஒண்ணும் தெரியாது."

தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் தோள் துண்டைச் சரிசெய்தார். தலைமை ஆசிரியை அந்த மகளையே கூப்பிட்டு, இடம் மாற வேண்டுமா என்று கேட்டார்.

"வேணாம் நைனா. எனுக்குப் பின்னக் கணக்கு அவ சொன்னாதான் புரியுது" என்றாள் அவள், அப்பாவைப் பார்த்து. அதைச் சண்டையாகச் சொல்லவில்லை. இட்லிக்கு என்ன சட்னி வேண்டும் என்று சொல்லும் குரலில்தான் சொன்னாள். அவர் வருகிறேன் என்று கிளம்பினார். முகத்தில் சம்மதம் இல்லை.

ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம் பஸ்ஸில் அவரையும் அவர் மனைவியையும் பார்த்தேன். பெரியபாளையத்து அம்மனுக்கு வேண்டுதல். மனைவியின் மடியில் ஒரு கட்டு வேப்பிலை. என்னைக் கண்டதும் எழுந்து இடம் கொடுத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சிறிது தூரம் போனதும் அவராகவே ஆரம்பித்தார்.

"அந்த ஒரிசாப் பொண்ணு ஊட்டுக்கு வந்துச்சிங்க டீச்சர், கணக்கு போட. வெளிய மரத்தடிலதான் ரெண்டும் உக்காந்துனு இருந்துச்சிங்க."

கம்பியில் கையை மாற்றிப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தார்.

"மழ புடிச்சிக்கிச்சி. புள்ள நனையுதே, இன்னா பண்றது. உள்ள வான்னேன்."

அவர் மனைவி என் பக்கம் சாய்ந்து, மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார்: "தல தொடைக்க அவரு துண்டத்தான் எட்த்துக் குட்த்தாரு."

அவர் ஜன்னலுக்கு வெளியே கரும்பு வண்டி ஒன்றை மிகவும் கவனமாகப் பார்த்தார். பெரியபாளையம் வரை நாங்கள் அந்த வருட மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு போனோம்.