பயித்தையைப் போல் நான் காய்க்க முடியாது

எங்கள் வீட்டில் பருவத்தின் முதல் விதையைப் பிள்ளை பெற்றவள்தான் ஊன்ற வேண்டும். கைராசியாம். கலியாணமாகி ஆறு வருடமாகியும் பிள்ளையில்லாத நான், பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள், சுன்னாகத்தில் கணவர் வீட்டு வளவில் தண்ணீர் விடலாம், புல்லுப் பிடுங்கலாம். விதையை மட்டும் தொடக்கூடாது. கணவரின் தாயான மாமிக்கு முழங்கால் வருத்தம், குனிய முடியாது; அதனால் விதை ஊன்றவென்று நெல்லியடியிலிருந்து அவர் மகள், என் மச்சாள், வருவாள், இரண்டு பிள்ளைகளின் தாய்.

போன மாரிக்கு மச்சாளுக்குக் காய்ச்சல். மழை யாருக்காகவும் காத்திராது என்பதால் மாமி வேண்டாவெறுப்பாக விதைகளை என்னிடம் தந்தார். வேலியோரம் நீளப் பயற்றங்கொடியான பயித்தையை ஊன்றினேன், கிணற்றடியில் பூசணி.

பயித்தங்காய் முழம் முழமாகத் தொங்கியது. பூசணிப் பிஞ்சுகளோ மஞ்சளாகி விழுந்தன. பக்கத்து வெங்காயத் தோட்டத்துக்கு மருந்து அடித்த பிறகு வளவில் ஒரு தேனீயைக்கூடக் காணவில்லை. ஆண்பூவின் மகரந்தம் வந்து சேராமல் பெண்பூ என்ன செய்யும்? சொல்லிப் பார்த்தேன். மாமி காதில் வாங்கவில்லை. எல்லாம் என் கையின் பலன் என்று மச்சாளுக்குப் போனில் சொன்னார், எனக்குக் கேட்கத்தான் சொன்னார்.

பயித்தையை ஊன்றியதும் இதே கைதானே என்றேன்.

"பயித்தங்காய் ஆர் நட்டாலும் தானாக் காய்க்கும்," என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயித்தம்பூ விரிய முன்னமே தன் மகரந்தம் தன் சூலகமுடியிலேயே விழுந்துவிடும், அதுதான் தன்மகரந்தச் சேர்க்கை என்று வருடாவருடம் கரும்பலகையில் படம் கீறிப் படிப்பிக்கிறவளே நான்தான். காய்த்தால் பூவின் கெட்டித்தனம், கருகினால் என் கை. இது என்ன நியாயம்? இரத்தச் சோதனை, ஸ்கான், நேர்த்தி, விரதம் எல்லாம் ஆறு வருடமாக எனக்கு மட்டுந்தான். கணவரையும் சோதிக்க வேண்டுமென்று டொக்டர் இரண்டு முறை சொன்னார். தனக்கு ஒன்றுமில்லை என்றார் இவர். அதோடு கதை முடிந்தது.

"மாமி, பூசணியிலை ஆண்பூ வேறை, பெண்பூ வேறை. தனியக் காய்க்கிறதுக்கு நான் பயித்தை இல்லை. உங்கடை மகனையும் ஒருக்கா டொக்டரிட்டைப் போகச் சொல்லுங்கோ."

மாமி அரிந்துகொண்டிருந்த காயை வைத்துவிட்டு விறாந்தையைப் பார்த்தார். அங்கே பேப்பரோடு இருந்த இவர் எழும்பி, மோட்டார்சைக்கிள் திறப்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

இந்த மாரிக்கு விதையை நானே எடுத்து ஊன்றினேன். மாமி தடுக்கவில்லை. இவர் டொக்டரிடம் இன்னும் போகவில்லை.